யூடியூப் திறக்காத லேபில் நான்கு வருடம்

2021-ல் இந்தப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். மின்காந்தத் தூண்டலுக்காக ஆறு நிமிட வீடியோ ஒன்றைத் தேடி வைத்திருந்தேன். வீட்டில் ஓடியது லேபில் ஓடவில்லை. 'தளம் தடை செய்யப்பட்டுள்ளது' என்று சிவப்பாக ஒரு பக்கம் வந்து நின்றது. சாக்பீஸை எடுத்துப் படம் போட்டு ஒப்பேற்றினேன்.

முதல் வருடம் முழுக்கச் சுற்றுவழிதான். "மிஸ், இந்த சைட்ல போய் லிங்கைப் போடுங்க" என்று, தடைபட்ட தளத்தை வேறொரு தளம் வழியாகத் திறக்கும் ப்ராக்ஸி ஒன்றைப் பசங்களே காட்டினார்கள். திறந்தது. திக்கித் திக்கி ஓடிய வீடியோவுக்குப் பக்கத்திலேயே பெரிதாக ஒரு சூதாட்ட விளம்பரம், அதுவும் பத்தாம் வகுப்புக்கு முன்னால்! அன்றோடு அதை விட்டேன். அப்படிப்பட்ட தளங்களில் நாம் தட்டும் பாஸ்வேர்டை நடுவில் இருப்பவர் படிக்க முடியும் என்பது பிறகுதான் தெரிந்தது. தடையைச் சுற்றிப்போக உதவும் இலவச விபிஎன் செயலி ஒன்று இரண்டு வாரம் தாங்கியது. செல்போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டால் ஒரு வகுப்பிலேயே அன்றைய டேட்டா பாதி காலி, லேபுக்குள் சிக்னலும் சரியில்லை.

கடைசியில் நெட்வொர்க் பார்க்கும் தம்பியிடமே கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்கலாம், சரி. எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பில் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது மட்டும்தான் தளங்களைத் தடுக்கும் ஃபயர்வாலுக்குத் தெரியுமாம், எந்த வீடியோ என்பது தெரியாது. அதனால் என் ஒரு வீடியோவை மட்டும் விடுவது சுலபமில்லை. அதற்குப் பதிலாக, தளப் பெயருக்கு முகவரி காட்டும் டிஎன்எஸ்-இல், யூடியூப் பெயரை வடிகட்டிய வீடியோக்களை மட்டும் காட்டும் கூகுளின் கட்டுப்பாட்டு முகவரிக்குத் திருப்பி, ஆசிரியர் கணினிகளுக்கு மட்டும் திறந்துவிட்டார். முதல் நாள் பக்கம் வந்தது, வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தது. காட்சி வருவது கூகுள்வீடியோ.காம் என்ற வேறு முகவரியிலிருந்து. அது இன்னும் அடைபட்டுக் கிடந்தது. அதையும் திறந்த பிறகுதான் ஓடியது.

கட்டுப்பாட்டு முறையில் கமென்ட் எதுவும் தெரியாது, அது எனக்கு நிம்மதி. ஆனால் உயிரியல் எடுக்கும் அக்காவின் இனப்பெருக்க மண்டல வீடியோக்களில் பாதி காணாமல் போயின. அவருக்கு இன்றுவரை கோபம்தான்.

2023 முதல் நான் அதிகம் நம்புவது, பாடங்களைக் கணினியிலேயே சேமித்துக் காட்டும் கொலிப்ரி என்ற மென்பொருளை. இணையமே வேண்டாம். ஒதுக்கிப் போட்டிருந்த 4 ஜிபி ராம் கணினி ஒன்றில் நிறுவினேன். வீட்டில் இறக்கிய பாடங்களைப் பென்டிரைவில் கொண்டுவந்து ஏற்றிவிட்டால், பிள்ளைகள் பிரவுசரில் அந்தக் கணினியின் ஐபி முகவரியோடு :8080 என்று தட்டினால் போதும். திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகளான பெட் (PhET) சிமுலேஷன்களும் ஓடுகின்றன. காந்தத்தைச் சுருளுக்குள் வேகமாக இழுத்தால் பல்பு பிரகாசமாகிறதா என்று அவர்களே நகர்த்திப் பார்க்கிறார்கள். வீடியோவைவிட இதுதான் வகுப்பில் எடுபட்டது.

குறையும் உண்டு. நாமே எடுத்த வீடியோவை நேராக உள்ளே போட முடியாது. முதலில் கொலிப்ரி ஸ்டுடியோ தளத்தில் ஏற்றி, சேனலாக வெளியிட்டு, அது தரும் டோக்கன் என்ற குறியீட்டை வைத்து இறக்க வேண்டும். முதல் தடவை எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது. முப்பது பேர் ஒரே நேரத்தில் வீடியோவைத் தட்டினால் வைஃபை மூச்சு வாங்குகிறது. மூன்று மூன்று பேராக உட்கார வைக்கிறேன். அப்புறம், அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் இப்போது கடகடவென்று சத்தம் போடுகிறது. அதற்குப் பதிலாக ஜூனில் எஸ்எஸ்டி டிஸ்க் கேட்டு எழுதிக் கொடுத்தேன், இன்னும் வரவில்லை.