போஸ்டிங்கில் சேர்ந்து படிப்பது: ஹாலா, வார்டா, வீடா?

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். காலில் சர்க்கரைப் புண்ணோடு ஒரே வருடத்தில் மூன்றாவது அட்மிஷன். வார்டில் சர்க்கரை இறங்கும், வீட்டுக்குப் போனால் ஏறிவிடும். ஊசியை ஒழுங்காகப் போடுவதில்லை என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். டிரெஸ்ஸிங் செய்துகொண்டே என் நர்சிங் மாணவி கேட்டாள்: "மருந்தை வீட்டில் எங்கே வைப்பீங்க ஐயா?"

"அடுப்படி மாடத்துலதான் தாயி."

அனல் பட்டால் இன்சுலின் வீரியம் இழந்துவிடும் என்று சொல்லி, ஈர மணல்மேல் மண்பானை வைக்கும் முறையைப் பக்கத்தில் நின்ற பார்மசி மாணவன் விளக்கினான். புண் காலையே ஊன்றி நடக்கிறார் என்பதை பிசியோதெரபி மாணவி கவனித்தாள். எல்லாவற்றையும் எம்பிபிஎஸ் மாணவர் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதினார். நாலு பேரும் அன்று ஒரே கட்டிலருகே நின்றது தற்செயல். போஸ்டிங்கில், அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சியில், இப்படிப் பல துறை மாணவர்கள் சேர்ந்து கற்பதைத் திட்டமிட்டுச் செய்ய எது நல்ல வழி?

செமினார் ஹாலில் பொது வகுப்பு நடத்துவது சுலபம். ஒரே மதியத்தில் இருநூறு பேரை உட்கார வைக்கலாம். ஆனால் அவரவர் கல்லூரிக் கும்பலோடுதான் உட்காருவார்கள். சேர்ந்து கற்பது என்றால் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இல் சொன்னதில் 'பற்றி' மட்டுமே அங்கே நடக்கும்.

வார்டு வேறு. சுவீடனின் லின்ஷோப்பிங்கில் 1996-இலேயே பல துறை மாணவர்கள் சேர்ந்து, மேற்பார்வையோடு நோயாளிகளைக் கவனிக்கும் பயிற்சி வார்டைத் தொடங்கினார்கள். நமக்கு முழு வார்டு வேண்டாம், இரண்டு கட்டில் போதும். அந்தக் கட்டில் நோயாளிக்கு நாலு பேரும் பொறுப்பு; ரவுண்ட்ஸுக்கு முன் அரை மணி நேரம் கலந்து பேச வேண்டும். கூடவே ஒரு ஆசிரியர் நின்றாக வேண்டும், இல்லையென்றால் எம்பிபிஎஸ் மாணவர் பேச மற்றவர்கள் தலையாட்டுவதோடு முடிந்துவிடும்.

வீட்டுக்கே போவது மூன்றாவது வழி. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்டும் நர்சும் வீடு தேடிப் போகிறார்கள். அவர்களோடு மாணவர்களை அனுப்பலாம். அடுப்படி மாடத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள். பஸ்ஸும் நேரமும்தான் சிக்கல். அப்புறம், சின்ன வீட்டுக்குள் எட்டுப் பேர் நுழைந்தால் அந்தக் குடும்பத்துக்குத்தான் சங்கடம்.

என் ஓட்டு வார்டுக்கே. டிஸ்சார்ஜுக்குப் பின் அதே நோயாளியின் வீட்டுக்கு ஒரு தடவை அந்த நாலு பேரும் போய்வர வேண்டும். மதுரை மருத்துவக் கல்லூரியோடு நர்சிங், பார்மசி கல்லூரிகளும் இருக்கின்றன, பல்கலைக்கழகமும் ஒன்றுதான். போஸ்டிங் அட்டவணைகளை ஒரே மேஜையில் வைத்துப் போட்டால் முதல் இரண்டு கட்டில்களுக்கு ஆள் கிடைத்துவிடும்.