கிறுக்கலில் குணம் சொல்லும் செயலி

குறிப்பேட்டின் ஓரத்தில் நாம் கிறுக்குவதைப் படமெடுத்து அனுப்பினால் குணநலனைக் கணித்துச் சொல்லும் கட்டணச் செயலி ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்தேன். அடுக்கடுக்கான சதுரங்களுக்கு ‘ஒழுங்கை விரும்புபவர், மனம் திறக்கத் தயங்குபவர்’ என்று வந்த பதில் யாருக்கும் பொருந்தக்கூடியது. 2005ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் டாவோஸில் நடந்த உலகப் பொருளாதார மாநாட்டில் கிடைத்த கிறுக்கல் தாளை அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேருடையது என்று நம்பி, அவர் மன அழுத்தத்தில் தடுமாறுவதாகக் கையெழுத்து நிபுணர்கள் பிரிட்டிஷ் நாளிதழ்களில் விளக்கம் தந்தார்கள். வரைந்தவரோ பில் கேட்ஸ். மாறாக, 2009இல் வெளியான உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேடின் ஆய்வில், சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தியைக் கேட்டபடியே வடிவங்களுக்கு நிழல் தீட்டியவர்கள், வெறுமனே கேட்டவர்களைவிட 29 விழுக்காடு கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். பயனுள்ள இந்த ஆய்வைப் பற்றிச் செயலியில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தம் தருகிறது. கிறுக்கல்களைத் தேதிவாரியாகச் சேமிக்கும் வசதி மட்டும் நேர்த்தி. கணிப்புக்காகப் பணம் கட்ட வேண்டாம்.