பட்டியலுக்கும் நிறத்துக்கும்: ஃபான்ட் டேக்கா, ஸ்டைல் பண்பா, தனி சிஎஸ்எஸ் கோப்பா?

எச்டிஎம்எல் மொழியில் எழுதிய எளிய இணையப் பக்கத்தில் பட்டியலை அழகாக்கவும் எழுத்துக்கு நிறம் கொடுக்கவும் மூன்று வழி உண்டு. எழுத்துக்கு நிறம் தரும் ஃபான்ட் டேக், பின்னணிக்கு நிறம் தரும் பிஜிகலர் போன்ற பழைய முறை. டேக்குக்குள்ளேயே, அதாவது < > குறிக்குள்ளேயே, எழுதும் ஸ்டைல் பண்பு. தோற்ற விதிகளை மட்டும் எழுதி வைக்கும் தனி சிஎஸ்எஸ் கோப்பு. பக்கம் ஒன்றே ஒன்றானாலும் நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன்.

பழைய முறையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1997-இல் வந்த எச்டிஎம்எல் 4 ஃபான்ட் டேக்கைத் தவிர்க்கச் சொன்னது, எச்டிஎம்எல் 5 விலக்கியே விட்டது. எண் பட்டியலுக்கான ஓஎல் டேக்கின் டைப் (எண் வகை), ஸ்டார்ட் (தொடக்க எண்), ரிவர்ஸ்டு (இறங்கு வரிசை) பண்புகள் மட்டும் இன்றும் செல்லும். வினாத்தாள், சட்டப் பிரிவு என்று எண்ணுக்கே பொருள் உள்ள இடத்தில் அவற்றை எச்டிஎம்எல்லிலேயே வையுங்கள்.

மற்றபடி முடிவு செய்வது பராமரிப்புதான். 20 பக்கங்களில் தலைப்பின் நிறத்தை மாற்ற வேண்டுமா? தனிக் கோப்பில் அது ஒரு வரி வேலை. ஸ்டைல் பண்பில் எழுதியிருந்தால் ஒவ்வொரு டேக்காகத் தேட வேண்டும். பிறகு கோப்பை இணைத்துச் சரிசெய்யலாம் என்றாலும் முடியாது, ஸ்டைல் பண்பு கோப்பின் விதியை மீறி நிற்கும். கோப்பின் விதியில் இம்பார்ட்டன்ட் என்ற சொல்லைப் போட்டு அதை அடக்கலாம். ஒன்றுக்குப் போட்டால் அடுத்ததற்கும் போட வேண்டிவரும். ஃபான்ட் டேக்கில் சிக்கல் வேறு: பத்திக்கு நிறம் கொடுத்தாலும் உள்ளே இருக்கும் ஃபான்ட் தன் நிறத்தையே காட்டும், ஏனென்றால் விதி பத்திக்குத்தான், ஃபான்ட்டுக்கு இல்லை.

பழைய பக்கத்தை மாற்றும்போது # குறியைப் பாருங்கள். ஃபான்ட் டேக்கில் நிறக் குறியீட்டை 333333 என்று மட்டும் எழுதினாலும் நிறம் வரும். சிஎஸ்எஸ்ஸில் #333333 என்றே இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரவுசர் அந்த வரியைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும்.

பட்டியலில் சிஎஸ்எஸ்ஸின் பலம் இன்னும் தெளிவு. பட்டியலின் ஒவ்வொரு உருப்படிக்கும் உரிய டேக்கான எல்ஐக்குள் ஃபான்ட் போட்டால் எழுத்து சிவக்கும், புள்ளி கறுப்பாகவே நிற்கும். புள்ளி எல்ஐயின் நிறத்தைத்தான் எடுக்கும். மார்க்கர் என்ற தேர்வியால் (விதி எதற்கு என்று குறிக்கும் சொல்) புள்ளிக்கு மட்டும் தனி நிறம் கொடுக்கலாம். எண்ணின் வடிவைச் சொல்லும் லிஸ்ட்-ஸ்டைல்-டைப்புக்கு தமிழ் என்பதை ஆங்கில எழுத்தில் மதிப்பாகக் கொடுத்தால் ௧, ௨, ௩ என்றே எண் வரும். அது தெரியாத பழைய பிரவுசர் 1, 2, 3 காட்டும்.

பிரவுசர்கள் பட்டியலுக்கு இடப்பக்கம் 40 பிக்சல் பேடிங் (உள் இடைவெளி) தருகின்றன. மார்ஜினை (வெளி இடைவெளியை) சுழியமாக்கினால் அது போகாது. பேடிங்கையும் சுழியமாக்கினால் புள்ளிகள் திரைக்கு வெளியே போய்விடலாம். மொபைலுக்கு 20 பிக்சல் போதும்.

நிறப் பெயர்களை நம்பாதீர்கள். டார்க்கிரே என்பது கிரேயை விட வெளிறியது! வெள்ளைப் பின்னணியில் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும். சாம்பல் நிறத்தில் #767676 தேறும், #777777 தேறாது. எழுத்து நிறம் கொடுத்தால் பின்னணி நிறத்தையும் சேர்த்தே கொடுங்கள்.

நிறங்களை கோப்பின் தலையில் மாறிகளாக (பெயரிட்ட மதிப்புகளாக) வைத்துவிட்டால் மாற்றுவது இன்னும் எளிது. --தலைப்பு-நிறம் என்று தமிழிலேயே பெயரிடலாம்; கோப்பைத் தமிழ் எழுத்துகளைத் தாங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்தால் போதும்.

மின்னஞ்சல் செய்திமடலில் மட்டும் என் தேர்வு செல்லாது. பல மெயில் செயலிகள் வெளிக் கோப்பை ஏற்பதில்லை, அங்கே ஸ்டைல் பண்புதான் பத்திரம். அதிலும் பட்டியலின் இடைவெளி செயலிக்குச் செயலி மாறும். எந்த அளவு எல்லாவற்றிலும் சரியாக வரும் என்று உறுதி சொல்லமாட்டேன். அனுப்பும் முன் இரண்டு மூன்று செயலிகளில் திறந்து பார்த்துவிடுங்கள்.