கப் கேடட், வீல் ஹார்ஸ், ஜான் டியர் 110: பழைய கார்டன் டிராக்டர்களில் எதைப் பழுது பார்ப்பது சுலபம்?

பழைய கார்டன் டிராக்டர், அதாவது வீட்டுத் தோட்டத்துக்கான சின்ன டிராக்டர், வாங்க வருகிறவர்கள் முதலில் பானட்டைத் தூக்கிப் பார்க்கிறார்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதா, புகை எப்படி, சத்தம் எப்படி என்று. பார்க்க வேண்டியதுதான். ஆனால் 1960, 70-களில் அமெரிக்காவில் விற்ற இந்த மூன்று வண்டிகளில் எதை எடுப்பது என்று குழம்புகிறவருக்கு எஞ்சினிடம் பதில் கிடையாது. மூன்றிலும் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது ஒரே கோலர் கம்பெனியின் கே வரிசை எஞ்சின்தான். வித்தியாசம் எல்லாம் எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறது. நீங்கள் எந்த வேலைக்குக் கை அழுக்காக்கப் போகிறீர்கள் என்பதைத் தீர்மானிப்பதும் அந்த இடம்தான்.

கப் கேடட் 1960-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கொண்டுவந்தது. முதல் மாடலில் எஞ்சினிலிருந்து பின்னால் பெல்ட் போனது. 1963-ல் வந்த 70, 100 மாடல்களிலிருந்து நேரடி ஷாஃப்ட். வீல் ஹார்ஸ் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் ஊர்க்காரன். பெரும்பாலும் பெல்ட்டை விடவில்லை. ஜான் டியர் 110 விஸ்கான்சினில் உள்ள ஹாரிக்கன் தொழிற்சாலையில் 1963 முதல் 1974 வரை தயாரானது. அதிலும் பெல்ட்தான், ஆனால் நடுவில் வேரியேட்டர் என்ற சங்கதி உண்டு.

எஞ்சினைச் சட்டென்று முடித்துவிடலாம்

கே வரிசையில் வார்ப்பிரும்பு பிளாக். தேய்ந்தால் சிலிண்டரை 10, 20, 30 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். கனெக்டிங் ராட் அலுமினியம். தனி பேரிங் ஷெல் கிடையாது, ராடே நேராகக் கிராங்கின் மேல் ஓடும். ஆயில் பம்பும் இல்லை. ராடின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு ஆயிலை அள்ளித் தெளிப்பதுதான் லூப்ரிகேஷன். ஆயில் மட்டம் குறைந்த நிலையில் சரிவில் ஓட்டினால் அந்தத் துண்டு ஆயிலைத் தொடாது, ராட் போய்விடும். ஆகவே ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் டிப்ஸ்டிக் பார்ப்பது இந்த எஞ்சினில் சம்பிரதாயம் அல்ல.

ஸ்பார்க்குக்கான காண்டாக்ட் பாயின்ட் எஞ்சினின் பக்கவாட்டில் வெளியே, ஒரு சின்ன மூடிக்குள் இருக்கும். ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டாம். இடைவெளி 0.020 அங்குலம். ஃபீலர் கேஜ், ஒரு ஸ்க்ரூ டிரைவர், அவ்வளவுதான். ஸ்டார்ட் ஆகாத பழைய கோலர்களில் பாதிக்கு இங்கேயே வைத்தியம் முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. மிச்சத்தில் பெரும்பகுதி கார்புரேட்டரில் இறுகிப்போன பழைய பெட்ரோல்.

10 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின்களில் அதிர்வைக் குறைக்க உள்ளே பேலன்ஸ் கியர் வைத்தவை உண்டு. அவை உடைந்தால் பிளாக்கையே பிளந்துவிடும். எஞ்சினைப் பிரிக்கும்போது பலரும் அவற்றை எடுத்து வீசிவிடுகிறார்கள். அதிர்வு கொஞ்சம் கூடும், நானும் அந்தக் கட்சிதான். 8 குதிரைத்திறன் கே181-ல் இந்தத் தலைவலியே இல்லை. ஜான் டியர் 110-ல் பெரும்பாலும் வருவது இதுதான் என்பது அதற்கு ஒரு மதிப்பெண்.

கப் கேடட்: கெட்டி, ஆனால் கிளட்ச்

கப் கேடட்டின் பின்பகுதியைப் பற்றி யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. ஃபார்மால் கப் என்ற நிஜ விவசாய டிராக்டரின் வழியில் வந்த கியர் பெட்டி அது. ஹை-டிரான் ஆயிலை மாற்றி, சீல் ஒழுகுகிறதா என்று பார்த்தால் போதும், பேசாமல் ஓடும்.

அதற்கு முன்னால், உட்காரும் இடத்துக்குக் கீழே குறுகலான சந்தில் இருக்கிறது வம்பு. எட்டில் ஐந்து, அதாவது 5/8 அங்குலத் தடிமனில் ஒரு சாதாரண இரும்புக் கம்பிதான் ஷாஃப்ட். அதன் மேல் இரண்டு பிரஷர் பிளேட், நடுவில் சின்ன டிஸ்க், அழுத்திப் பிடிக்க ஒரு முரட்டு ஸ்பிரிங், தள்ளிவிட ஒரு த்ரோ-அவுட் பேரிங். எல்லாவற்றையும் ஷாஃப்டோடு சேர்த்துப் பிடித்திருப்பது சுருட்டிய தகட்டாலான ரோல் பின்கள். வருஷக்கணக்கில் முன்னும் பின்னும் இழுபட்டு, பின் நிற்கும் துளை முட்டை வடிவத்துக்கு அகன்றுவிடும். முன்கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது கீழே "டக்" என்று ஒரு சத்தம் வந்தால் அதுதான். புதுப் பின் அடித்தால் ஒரு வாரம் அடங்கும், அப்புறம் மறுபடி டக். துளை போன பிறகு பின்னை மட்டும் மாற்றுவது வீண். ஷாஃப்டையும் கப்ளிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மாற்றுவதில் கஷ்டம் மூன்று. பின்னைத் தட்டி எடுக்கச் சுத்தியல் வீச இடம் இல்லை. துருப்பிடித்த பின் பாதியில் உடைந்து உள்ளேயே நின்றுகொள்ளும். வெளியே எடுத்த பிறகு ஸ்பிரிங்கை விடுவிப்பது இருப்பதிலேயே ஆபத்தான கட்டம். வைஸிலோ பிரஸ்ஸிலோ பிடித்து மெல்ல விடாமல் பின்னை உருவினால் பாகங்கள் முகத்துக்கு நேராகப் பறக்கும். ஷாஃப்டின் முன்முனை உட்காரும் பைலட் புஷ்ஷையும் அப்போதே மாற்றிவிடுங்கள். அது தேய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல டிஸ்க் போட்டாலும் ஷாஃப்ட் ஆடும், கியர் கரகரக்கும்.

இதையெல்லாம் படித்துப் பயப்பட வேண்டாம். ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் பல வருஷத்துக்கு அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. ஷாஃப்ட் வெறும் கம்பி என்பதால் லேத் வைத்திருப்பவர் யாரும் துளை போட்டுத் தந்துவிடுவார். குளிர்காலத்தில் நிறுத்தி வைக்கும்போது ஒரு கட்டையைக் கொடுத்துக் கிளட்ச் பெடலை அழுத்தியே வைத்தால், டிஸ்க் துருவோடு பிளேட்டில் ஒட்டிக்கொள்ளாது.

1974-க்குப் பிறகு வந்த குவைட் லைன் மாடல்களில் இன்னொரு தொல்லை. சத்தம் குறைய எஞ்சினை ரப்பர் மவுண்டில் உட்கார வைத்தார்கள். ரப்பர் நைந்தால் எஞ்சின் குதிக்கும், அதோடு சேர்ந்து ஷாஃப்டும் கப்ளிங்கும் அடிவாங்கும். இந்த வண்டியைப் பார்க்கப் போனால் ஐடிலில் ஓடவிட்டு எஞ்சின் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள்.

வீல் ஹார்ஸ்: அரை மணி நேர வேலை

இங்கே கிளட்ச் என்பதே ஒரு புல்லிதான். எஞ்சினிலிருந்து கியர் பெட்டிக்கு ஒரு பெல்ட். பெடலை மிதித்தால், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் புல்லி விலகிப் பெல்ட் தளரும், வண்டி நிற்கும். பெல்ட் தேய்ந்தால் பக்கத்து மூடியைக் கழற்றி, பழையதை உருவி, புதியதை மாட்ட வேண்டும். அரை மணி நேரம், நிதானமாகச் செய்தாலும். புதுப் பெல்ட் போட்டும் வழுக்கினால் பெல்ட்டைத் திட்டாதீர்கள். மேலே ஆயில் ஒழுகுகிறதா, ஐட்லர் பேரிங் போய்விட்டதா, மூடி வளைந்து பெல்ட்டை உரசுகிறதா என்று பாருங்கள்.

கியர் பெட்டியை அவர்களே செய்தார்கள். 1970-களின் சி வரிசையில் வந்த எட்டு ஸ்பீட் பெட்டி முன்னால் ஆறு, பின்னால் இரண்டு. ஓடும்போது கியர் மாற்ற முடியாது, நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். புல் வெட்டும்போது இது எரிச்சல். பெட்டிக்குள் ஏதாவது உடைவது அபூர்வம். அதைக் கெடுப்பது மழை. கியர் லீவர் மேலிருந்து நேராகப் பெட்டிக்குள் இறங்குகிறது. அதைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்தால் தண்ணீர் வடிந்து உள்ளே போகும். வாங்கும்போது டிரெயின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி ஆயிலின் நிறத்தைப் பாருங்கள். பால் ஊற்றிய காபி மாதிரி வந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். பேரமே படியாவிட்டாலும் பரவாயில்லை: ஆயிலை வடித்து, டீசல் ஊற்றிக் கொஞ்சம் ஓட்டிக் கழுவி, புது 90 கியர் ஆயில் ஊற்றினால் பல பெட்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

வீல் ஹார்ஸின் உண்மையான எமன் பின்சக்கர ஹப். ஆக்ஸிலில் ஒரு கீயும் (ஆப்பு மாதிரி ஒரு இரும்புத் துண்டு) ஒரு செட் ஸ்க்ரூவும் பிடித்திருக்கின்றன. ஸ்க்ரூ தளர்ந்தால் ஹப் ஆடி, கீ வழியையே அரித்துவிடும். அதைவிட மோசம், துருவில் இறுகிய ஹப். ஆக்ஸில் சீல் மாற்ற அதைக் கழற்றியே ஆக வேண்டும். அவசரப்பட்டு விளிம்பில் புல்லரைப் போட்டு இழுத்தால், வார்ப்பிரும்பு ஹப்பின் விளிம்பு துண்டாகக் கையோடு வந்துவிடும். சக்கர போல்ட்டுகள் எல்லாவற்றிலும் சமமாகப் பிடிக்கும் கனமான தகடு வைத்து, நடுத் திருகை இறுக்கி, துரு இளக்கும் ஆயில் விட்டு, சூடு காட்டி, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டும். காலையில் இன்னும் கால் திருப்பு இறுக்குங்கள். வரும், ஆனால் அது நினைத்தபோதுதான் வரும்.

ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருப்பது இந்த வண்டியின் ஜாதகம். விசிறி வடிவ கியரின் பல் தேய்கிறது. வாஷர் வைத்து நெருக்கினால் ஓரளவு சரியாகும்.

ஜான் டியர் 110: நுணுக்கம் கேட்கும் பெல்ட்

கியர் மாற்றாமலேயே, ஓடும்போதே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதுதான் 110-ன் கவர்ச்சி. எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் வேரியேட்டருக்கு, அங்கிருந்து இன்னொரு பெல்ட் பின்னால். வேரியேட்டர் என்பது இரண்டு பள்ளம் உள்ள புல்லி. நடுத்தகடு இப்படியும் அப்படியும் நகரும்போது ஒரு பள்ளம் விரியும், மற்றது குறுகும், வேகம் மாறும்.

ஓட்ட இதுதான் சுகம். பராமரிக்க, மூன்றில் இதுதான் அடிக்கடி கூப்பிடும். பெல்ட்டின் அகலமோ நீளமோ ஒரு நூல் தப்பினால் வேகத்தின் மேல் எல்லையோ கீழ் எல்லையோ காணாமல் போகும். கடையில் "இதே சைஸ்தான்" என்று தரும் பொதுப் பெல்ட்டைப் போட்டுவிட்டு, எஞ்சின் வலுவிழந்துவிட்டது என்று கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. இந்த ஒரு வண்டிக்கு மட்டும் ஒரிஜினல் அளவுப் பெல்ட்டுக்கே காசு செலவழியுங்கள். வேரியேட்டர் புஷ் வறண்டால் நடுத்தகடு நகராமல் ஒட்டிக்கொள்ளும்; லீவர் கல் மாதிரி இறுகினால் முதலில் அதைப் பாருங்கள். பெல்ட் மாட்டும்போது கைடுகளுக்கு வெளியே போய்விடாமல் பார்த்துக்கொண்டால், மற்றபடி பெரிய சூட்சுமம் இல்லை.

1967 வரை வந்தவற்றில் மட்கார்டு வளைவானது, 1968 முதல் தட்டை. பாகம் ஆர்டர் செய்யும்போது இதைச் சொல்ல மறக்கக் கூடாது. 1969 முதல் 1971 வரை வெள்ளை உடலில் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, நீலப் பானட் போட்டு 'பேட்டியோ' என்று விற்ற வண்டிகளும் உண்டு. அதில் ஒன்று மாட்டினால் பச்சை பெயின்ட் அடித்துவிடாதீர்கள், சேகரிப்பவர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

எதை எடுப்பது?

ஒரே நேரத்தில் பெரிய வேலையாகச் செய்துவிட்டு மறந்துவிட நினைப்பவருக்கும், மண்ணைக் கிளறுவது, பனியைத் தள்ளுவது என்று கனத்த வேலை வைத்திருப்பவருக்கும் கப் கேடட். முதல் பழைய டிராக்டர், கையில் ஸ்பேனர் செட்டும் ஜாக்கியும் மட்டும்தான் என்றால் வீல் ஹார்ஸ். ஹப்பைச் சும்மா விடும் பொறுமை மட்டும் வேண்டும். புல் வெட்டுவதே முக்கியம், அவ்வப்போது அட்ஜஸ்ட் செய்வதில் சலிப்பில்லை என்பவருக்கு 110. என் கையில் காசு கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வீல் ஹார்ஸ்தான். கம்பெனியை 1986-ல் டோரோ வாங்கியது; பழைய மாடல்களின் கையேடுகளை இன்றும் அவர்களிடம் தேடி எடுக்கலாம்.

சரி, பம்ப் தரும் ஆயில் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோ மாடல்கள்? மூன்று பிராண்டிலும் உண்டு. கிளட்சும் வேரியேட்டரும் இல்லாததால் சுலபம் என்று தோன்றும். கப் கேடட் ஹைட்ரோவை லீவரை நியூட்ரலில் வைத்துத் தரையில் நிறுத்திப் பாருங்கள். மெல்ல ஊர்ந்தால், லீவர் பம்பைத் திருப்பும் இடத்தில் உள்ள டிரனியன் காடி தேய்ந்திருக்கிறது. வெல்டு நிரப்பி அரம் போட்டு அளவுக்குக் கொண்டுவர முடியும். அதற்கு மட்கார்டை இறக்கி, ஷாஃப்டைக் கழற்றி, ஹைட்ரோ பம்பைத் தனியே எடுக்க வேண்டும். விற்பவர் "சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான்" என்று சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு விலை பேசுங்கள்.