அரசு மருத்துவமனை விமர்சனம்: அவசரத்துக்கு வேகம், தேதி வாங்கினால் தவம்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு, உயிர் போகும் அவசரத்தில் 10-க்கு 8. ஓ.பி.க்கு (வெளிநோயாளர் பிரிவு) 5. தேதி வாங்கிச் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சைக்கு 4. உங்களைப் பார்க்கும் டாக்டர் குழுவின் (யூனிட்) நாள் தெரிந்து, கையில் தாள்களும் சரியாக இருந்தால் அந்த 4, 6 ஆகும். ஒரே ஆஸ்பத்திரியை ஒருவர் கையெடுத்துக் கும்பிடுவதும் இன்னொருவர் கரித்துக்கொட்டுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

அவசரப் பிரிவில் வந்த வரிசைக்கு மதிப்பில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளியைப் பிரிக்கிறார்கள். மாரடைப்பு, பக்கவாதம், தலைக்காயம் எல்லாம் சிவப்பு; சீட்டு போடுவதற்கு முன்பே கை வைத்துவிடுவார்கள். கையில் வெட்டுக்காயத்தோடு வந்தவர் பச்சை. தனக்குப் பின்னால் வந்த நாலு பேர் உள்ளே போவதைப் பார்த்து, "ஆளைப் பார்த்து அனுப்புறாங்க" என்று அவர் கோபப்படுவார். அங்கே நடப்பது சிபாரிசு இல்லை, ஆனால் அதை யாரும் அவருக்குச் சொல்வதும் இல்லை. சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை தேவையில்லை, வெளிமாநிலத்தவருக்கும் உண்டு, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு.

சிக்கல் தொடங்குவது ஓ.பி.யில். பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, எலும்பு போன்ற பெரிய துறைகள் யூனிட் யூனிட்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சீஃப், ஓ.பி. பார்க்கும் நாள், அட்மிஷன் நாள், தியேட்டர் (அறுவை சிகிச்சை) நாள் உண்டு. திங்கட்கிழமை பார்த்த யூனிட்டிடம்தான் உங்கள் கேஸ் இருக்கும். ரிப்போர்ட் வந்துவிட்டதே என்று புதன்கிழமை போய் நின்றால் அங்கே வேறு யூனிட். "உங்க நாள்ல வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். அலைய விடுகிறார்கள் என்ற புகாரில் பாதி இங்கே பிறக்கிறது. தப்பு நோயாளியுடையதல்ல; சீட்டில் யூனிட் எண்ணைக் கிறுக்கிவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லாமல் விடும் வழக்கம்தான் தப்பு. முதல் நாளே எண்ணையும் அடுத்த ஓ.பி. நாளையும் கேட்டுச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். புதுச்சீட்டு போடாதீர்கள், பழைய ஓ.பி. நோட்டைத்தான் நீட்ட வேண்டும். புதுச்சீட்டோடு போனால் வேறு யூனிட்டுக்குத் தள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்காக மட்டும் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பது வீண். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே மாத்திரை கிடைக்கும்; 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடம் பதிந்தால் வீட்டுக்கே வரும்.

இனி அறுவை சிகிச்சைப் பட்டியல். ஹெர்னியா, பித்தப்பைக் கல், கர்ப்பப்பை, மூட்டு மாற்று எல்லாம் இதில்தான் வரும். யூனிட்டுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு தியேட்டர் நாள்தான். அன்று காலை புற்றுநோய் கேஸோ, முந்தைய இரவு வந்த குடல் அடைப்போ முன்னே போய்விட்டால் பட்டியலின் கடைசி இரண்டு பேர் அடுத்த வாரத்துக்குத் தள்ளப்படுவார்கள். இது நியாயம்தான். ஆனால் கணிசமான ரத்துகள் தவிர்க்கக்கூடியவை. மயக்க மருந்து டாக்டரிடம் ஃபிட்னஸ் (அறுவை சிகிச்சைக்கு உடல் தாங்கும் என்ற ஒப்புதல்) வாங்காமல் பட்டியலில் பெயர் ஏறாது. அவர் இ.சி.ஜி., எக்ஸ்-ரே, சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்ப்பார்; இதயத்தில் சந்தேகம் வந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துக் கார்டியாலஜி கருத்து வாங்கி வரச் சொல்வார். எக்கோவுக்குத் தனி வரிசை, தனித் தேதி. எனவே 50 வயதைத் தாண்டியவர், முதல் ஓ.பி.யிலேயே "எக்கோ தேவைப்படுமா?" என்று கேட்டுவிட்டால் ஒரு சுற்று மிச்சம்.

ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் க்ளோபிடோக்ரல் போன்ற மாத்திரைகளை அட்மிஷன் அன்றுதான் சொல்கிறவர்கள் அதிகம். பல அறுவை சிகிச்சைகளுக்கு அதை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்துவது ஆபத்து; டாக்டர் சொல்லியே நிறுத்த வேண்டும். முதல் சந்திப்பிலேயே மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். காலையில் "ஒரு வாய் காபிதான்" குடித்தவர் அன்றைய பட்டியலிலிருந்து போவார். பால் கலந்த எதுவும் மயக்க மருந்துக் கணக்கில் சாப்பாடு. 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். சளி, இருமல் இருந்தாலும் தள்ளிப்போகும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வருமான வரம்பு ஆண்டுக்கு 1.20 லட்சம். அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை இலவசம்தானே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். செயற்கை மூட்டு, ஸ்டென்ட் போன்றவை காப்பீட்டு ஒப்புதலுக்குப் பிறகே வரும் என்பதால், அட்டை இல்லாதவரின் கோப்பு அங்கேயே உட்கார்ந்துவிடும். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டு ரேஷன் அட்டையிலேயே இருப்பது, ஆதாரில் ஓர் எழுத்து மாறியிருப்பது: ஒப்புதல் திரும்பி வர இவை போதும். வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாரோடு ஆட்சியர் அலுவலக மையத்தில் பதிவை முடித்துவிட்டு அட்மிஷனுக்குப் போவது நல்லது. சந்தேகத்துக்கு 1800 425 3993.

ஸ்கேன் வசதியைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துகிறது. சி.டி. ரூ.500, எம்.ஆர்.ஐ. ரூ.2,500 அளவில், வெளியே இதைப் போலப் பல மடங்கு. ஆனால் அவசரப் பிரிவும் வார்டு நோயாளிகளும் போன பிறகே ஓ.பி. ஆட்கள். தேதி கிடைத்த நாளில் திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் கிரியேட்டினின் ரிப்போர்ட் இல்லாதது. டை (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) செலுத்தி எடுக்கும் ஸ்கேனுக்கு அது கட்டாயம். பழைய ரிப்போர்ட் செல்லாது என்பார்கள். பேஸ்மேக்கர், உடலில் உலோகம் இருந்தால் தேதி வாங்கும்போதே சொல்ல வேண்டும்.

பெரிய குறை ஒன்று: பட்டியலில் நீங்கள் எத்தனையாவது ஆள் என்று எங்கேயும் பார்க்க முடியாது. வார்டு நோட்டில் இருக்கும், நர்ஸுக்குத் தெரியும், அவ்வளவுதான். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில், பரிந்துரையிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கை 2016-லிருந்து எட்டவில்லை. ஆனாலும் எத்தனை பேர், எத்தனை வாரம் என்ற கணக்கு மாதாமாதம் வெளியாகிறது. இங்கே அதுகூட இல்லை என்பதால், நியாயமாகத் தள்ளிப்போனாலும் காசுக்காகத்தானோ என்று தோன்றும்; ஸ்ட்ரெச்சர் தள்ள 100 ரூபாய் கேட்ட ஊழியரின் நினைவுதான் முன்னால் வரும்.

ஹெர்னியா, கண்புரை, கர்ப்பப்பைக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையையே முதலில் பாருங்கள். வரிசை பெரும்பாலும் குறைவு. சென்னை ஓமந்தூரார், கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனைகள் இதயம், மூளை, சிறுநீரகம், புற்றுநோய் மாதிரியான உயர் சிறப்புப் பிரிவுகளுக்கானவை. ஊர் டாக்டரின் பரிந்துரைக் கடிதமும் பழைய ரிப்போர்ட்டுகளும் நாள் வரிசையில் அடுக்கிய கோப்பும் இருந்தால் அங்கே ஒரு சுற்றுப் பரிசோதனை மிச்சமாகும்.