மூன்று பிராண்டு கேமராக்களுக்கு ஒரே பதிவுக்கருவி: நான்கு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டில் இப்போது ஆறு கண்காணிப்புக் கேமராக்கள் இயங்குகின்றன. அவை மூன்று வெவ்வேறு பிராண்டுகளைச் சேர்ந்தவை. 2021-இல் வீடு கட்டி முடித்தபோது எலக்ட்ரீசியன் பொருத்தித் தந்தவை மூன்று, பின்னர் மாடிக்கும் கொல்லைப்புறத்துக்கும் நானே வாங்கிய வைஃபை கேமராக்கள் இரண்டு, அண்ணன் வீடு மாறியபோது கொடுத்துவிட்டுப் போனது ஒன்று. இவற்றை ஒரே இடத்தில் பதிவு செய்ய மூன்று வழிகளை முயன்றுவிட்டேன். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதைவிட, தன் காட்சியை எந்தப் பதிவுக்கருவிக்கும் தடையில்லாமல் தருகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் முடிவு.

முதலில் இருந்தது, எலக்ட்ரீசியன் கொடுத்த எட்டு சேனல் என்விஆர், அதாவது எட்டுக் கேமராக்கள் வரை பதிவு செய்யும் பெட்டி. பெட்டியின் மேல் ‘ஆன்விஃப்’ என்று அச்சிட்டிருந்ததால் எந்தக் கேமராவையும் இணைத்துவிடலாம் என்று நம்பினேன். ஆன்விஃப் என்பது 2008-இல் ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய பொதுத் தர அமைப்பு. அதற்குள்ளேயே எஸ், டி, ஜி எனப் பல பிரிவுகள் உண்டு. எஸ் பிரிவு அடிப்படைக் காட்சியைக் கடத்துவதற்கானது, எச்.265 என்ற முறையில் சுருக்கிய காட்சியும் அசைவு அறிவிப்பும் டி பிரிவில் வருகின்றன. என் வீட்டில் வேற்றுப் பிராண்டு கேமராக்களின் படம் வந்தது. அசைவு அறிவிப்பு வரவில்லை. அதனால் கொல்லைப்புறத்தில் இரவு என்ன நடந்தது என்று பார்க்க எட்டு மணி நேரப் பதிவையும் விரலால் இழுத்துத் தேட வேண்டியிருந்தது. எச்.265 பிளஸ் போன்ற, சில நிறுவனங்கள் தமக்கென வைத்திருக்கும் கூடுதல் சுருக்க முறையும் தொல்லை தந்தது. கேமராவின் அமைப்புக்குள் சென்று அதை அணைத்துச் சாதாரண எச்.265-க்கு மாற்றிய பிறகுதான் படம் உறைந்து நிற்பது நின்றது.

இடையில் சில மாதங்கள் ஒவ்வொரு கேமராவிலும் மெமரி கார்டு போட்டுப் பார்த்தேன். கேமராவைக் கழற்றிக்கொண்டு போகிறவன் பதிவையும் சேர்த்தே கொண்டுபோவான் என்பதால் அதை நீடிக்கவிடவில்லை.

2023 இறுதியிலிருந்து இன்றுவரை நிற்பது மூன்றாவது வழி: இன்டெல் என்100 ப்ராசஸர் கொண்ட சிறிய கணினி, கண்காணிப்புப் பதிவுக்கென்றே விற்கப்படும் 4 டிபி ஹார்ட் டிஸ்க், ஃப்ரிகேட் என்ற இலவசத் திறமூல மென்பொருள். ஒவ்வொரு கேமராவும் ஆர்டிஎஸ்பி என்ற, காட்சியை வலையமைப்பு வழியே நேரலையாக அனுப்பும் பொது முறையில் இரண்டு காட்சிகளைத் தருகிறது. தெளிவான முதல் காட்சியை ஃப்ரிகேட் மாற்றமின்றி அப்படியே டிஸ்க்கில் எழுதிவிடுகிறது. சிறிய இரண்டாம் காட்சியை மட்டும் விரித்துப் பார்த்து, வந்தது மனிதரா, நாயா, வண்டியா என்று பிரித்தறிகிறது. முன்பெல்லாம் தென்னை ஓலை ஆடினாலும், இரவில் அகச்சிவப்பு ஒளிக்கு வரும் பூச்சியைப் பிடிக்கப் பல்லி லென்ஸின் மேல் ஊர்ந்தாலும் கைப்பேசி ஒலிக்கும். இப்போது மனிதர் வந்தால்தான் பெரும்பாலும் ஒலிக்கிறது. இதை நிறுவும்போது கேமராக்களின் முகவரிகளையும் விதிகளையும் ஓர் அமைப்புக் கோப்பில் எழுதினேன். எனக்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன.

டிஸ்க் கணக்கை வாங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். ஒரு கேமரா விநாடிக்கு 3 மெகாபிட் அனுப்பினால் நாளொன்றுக்குச் சுமார் 32 ஜிபி. ஆறு கேமராவுக்கு 194 ஜிபி. முழுப் பதிவையும் வைத்தால் 4 டிபி இருபது நாளில் நிரம்பும். நான் முழுப் பதிவை ஏழு நாளும், மனிதர் தென்பட்ட துண்டுகளை முப்பது நாளும் வைக்கிறேன். பாதி டிஸ்க் எப்போதும் காலியாகவே இருக்கிறது.

நான் எதிர்பாராத சிக்கல் கடிகாரத்தில் வந்தது. கேமராக்கள் வெளியே எதையும் அனுப்பக் கூடாது என்று ரவுட்டரில் அவற்றின் இணையத்தை அடைத்திருந்தேன். சில மாதங்கள் கழித்து எதிர்வீட்டு அக்காவின் ஸ்கூட்டரை யாரோ இடித்துவிட்டுப் போக, பதிவை எடுத்துப் பார்த்தோம். ஒரே ஆட்டோ, வாசல் கேமராவின் படத்தில் 8.41 என்றும் மாடிக் கேமராவின் படத்தில் 8.37 என்றும் காட்டியது. “எந்த நேரம் தம்பி சரி?” என்று அக்கா கேட்டபோது, என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இணையம் இல்லாததால் கேமராக்கள் நேரத்தைச் சரிபார்க்க வழியின்றி ஆளுக்கொரு பக்கம் நகர்ந்திருந்தன. அன்று மாலையே பதிவுக் கணினியை நேர வழங்கியாக்கி, ஆறு கேமராக்களையும் அதனிடம் நேரம் கேட்கும்படி மாற்றினேன். அதன் பிறகு ஒரு விநாடிகூடப் பிசகவில்லை. கேமராவின் இணையத்தை அடைப்பவர்கள் இதையும் அன்றே செய்துவிட வேண்டும்.

மின்வெட்டுக்காக ரவுட்டர், கேமராக் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச், கணினி மூன்றையும் இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்திருக்கிறேன். கம்பி வழிக் கேமராக்கள் ஸ்விட்ச்சிலிருந்தே மின்சாரம் பெறுவதால் அவையும் தப்பிக்கின்றன.

எல்லாக் கேமராவும் ஒரே பிராண்டாக இருப்பவருக்கு அந்த நிறுவனத்தின் என்விஆரே போதும்; இவ்வளவு உழைப்பு தேவையில்லை. பிராண்டுகள் கலந்துவிட்டவர், அடுத்த கேமராவை வாங்கும்முன் அதன் விவரக்குறிப்பில் ஆர்டிஎஸ்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரியில் இயங்கும் பல மாதிரிகளில் அது கிடையாது. எங்கள் வாசலில் உள்ள பேட்டரி அழைப்புமணிக் கேமராவும் அப்படிப்பட்டதுதான். ஆறில் சேராத அது இன்றும் தன் கைப்பேசிச் செயலியில் தனியாகவே இருக்கிறது. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது வாசல் வரை கேபிள் இழுத்து அதை மாற்றப் போகிறேன்.