கிளை அஞ்சலக வேலை எப்படி? உள்ளே இருப்பவளின் மதிப்பீடு

கிளை அஞ்சலக போஸ்ட்மாஸ்டர் வேலையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ இடம் கிடைத்து, வீட்டில் வேறு ஒரு வருமானமும் இருந்தால் தயங்காமல் சேருங்கள். இந்தச் சம்பளத்தை மட்டும் நம்பி முன்னூறு கிலோமீட்டர் தாண்டிக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் ரொம்ப யோசியுங்கள்.

நான் இருப்பது ராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் மிளகாய் போடுகிறார். மழை சரியாகப் பெய்த வருஷம் மிளகாய்ப் பணம், பெய்யாத வருஷம் என் சம்பளம் என்று வீடு ஓடுகிறது. எங்களையெல்லாம் சேர்க்கிற கிராமிய டாக் சேவக் (கிராம அஞ்சல் ஊழியர்) என்ற ஏற்பாடே அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது: பிழைப்புக்கு வேறு வழி உண்டு, இது பகுதி நேர வேலை என்பதுதான் அதன் அடிப்படை. விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை. மத்திய அரசு வேலை என்று மட்டும் காதில் விழுகிறது.

2024 ஜூலையில் நாடு முழுக்க 44,228 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டுக்கு மட்டும் 3,789. தேர்வு கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துப் பட்டியல் போடுகிறார்கள். அதனால் நன்றாகப் படித்த பிள்ளைகளே மேலே வருகிறார்கள். இன்ஜினியரிங் முடித்தவர்கள்கூட வந்து சேர்கிறார்கள். ஊர் பெயரே கேள்விப்படாத இடத்தில் போஸ்டிங் விழுகிறது. பி.பி.எம்., அதாவது கிளை போஸ்ட்மாஸ்டர், அந்த ஊரிலேயே குடியிருக்க வேண்டும், அஞ்சலகம் நடத்த ஓர் அறையையும் அவரே ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கென்று தருவது சில நூறு ரூபாய்தான். இதெல்லாம் சேர்ந்த பிறகு தெரிந்து, ஒரு வருஷத்துக்குள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் எங்கள் பக்கமே உண்டு. அந்த இடம் மறுபடி காலி, ஊர்க்காரர்களுக்கு மறுபடி அலைச்சல்.

சம்பளத்தைச் சொல்லிவிடுகிறேன். பி.பி.எம்.முக்கு நான்கு மணி நேரம் என்றால் 12,000, ஐந்து மணி நேரம் என்றால் 14,500 ரூபாய் தொடக்கம். உதவி போஸ்ட்மாஸ்டருக்கும் டாக் சேவக்கிற்கும் 10,000, 12,000. இதோடு மத்திய அரசு ஊழியர்களுக்குத் தரும் அதே விகிதத்தில் அகவிலைப்படி, வருஷத்துக்கு 3 சதவீத உயர்வு. நான்கு மணி நேர பி.பி.எம். இன்றைக்குச் சேர்ந்தால் கையில் 18,000க்கு மேல் வரும். கிராமத்தில், வீட்டுப் பக்கத்திலேயே, மாதம் தவறாமல் வரும் பணம் இது. ஒரு பெண்ணுக்கு அதன் மதிப்பு பெரியது. பேறுகால விடுப்பு 180 நாள் கிடைக்கும். 65 வயது வரை வேலை பார்க்கலாம்.

அந்த நான்கு மணி நேரம்தான் உண்மைக்குப் பக்கத்தில் இல்லை. காலையில் சப் ஆபீஸிலிருந்து (எங்களுக்கு மேலே உள்ள துணை அஞ்சலகம்) தபால் பை வந்ததும் பிரித்து, கையடக்கக் கருவியில் ஏற்றி, தபால்களைப் பிரிக்க வேண்டும். எங்கள் மாதிரிச் சின்ன ஆபீஸில் டெலிவரிக்குத் தனி ஆள் கிடையாது. கவுன்ட்டரைப் பார்ப்பதும் நான்தான், வண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவதும் நான்தான். அப்புறம் கணக்கு முடித்துப் பையைக் கட்டி அனுப்ப வேண்டும். அறை பூட்டிய பிறகும் வேலை முடியாது. போஸ்ட்மாஸ்டர் வீடு எது என்று ஊருக்கே தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு நூறு நாள் வேலை முடித்து வருகிறவரிடம் "நேரம் முடிந்துவிட்டது, நாளைக்கு வாங்க" என்று எனக்குச் சொல்ல வராது. நாளைக்கு வந்தால் அவருக்கு ஒரு நாள் கூலி போகும்.

இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியும் அங்கேதான் இருக்கிறது. தபாலைவிடப் பணம்தான் இன்றைக்கு கிளை அஞ்சலகத்தின் உயிர். 2018 செப்டம்பரில் அஞ்சல் வங்கி வந்த பிறகு, எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும் ஆதார் எண்ணும் கைரேகையும் வைத்து இங்கேயே பணம் எடுக்கலாம். முன்பெல்லாம் ஆயிரம் ரூபாய் எடுக்க பஸ் ஏறி டவுனுக்குப் போய், வரிசையில் நின்று, மத்தியானச் சாப்பாட்டுக்கும் செலவழித்துத் திரும்புவார்கள். இப்போது அப்பத்தா குடிசை வாசலில் உட்கார்ந்தபடியே முதியோர் உதவித்தொகையை எண்ணி வாங்குகிறது. சீமைக்கருவேல் வெட்டியும் கரிமூட்டம் போட்டும் விரல் ரேகை தேய்ந்த கைகள் இந்தப் பக்கம் நிறைய. கருவி ஏற்காது. விரலை ஈரத்துணியில் துடைத்து, வேறு விரலை வைத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி வைத்துப் பார்ப்போம். "அவசரமில்ல தாயி, மெதுவாப் பாரு" என்று அவர்கள் சொல்வார்கள். அந்தப் பொறுமைக்காகவே நான் இன்னும் ஒருமுறை வைத்துப் பார்ப்பேன்.

சேமிப்புக் கணக்குகளும் அப்படித்தான். 2015 ஜனவரியில் தொடங்கிய செல்வமகள் திட்டத்தில் எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு தொடங்கியிருக்கிறேன். அதில் சில பிள்ளைகள் இன்று பத்தாம் வகுப்பில் இருக்கிறார்கள். ஊரில் பாதி ஆண்கள் வெளி மாநிலத்திலும் மலேசியாவிலும் கிடக்கிறார்கள். அவர்கள் அனுப்புவதில் நூறு, இருநூறு பிடித்து ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) கட்டுகிற பெண்களை எனக்குத் தெரியும். புருஷனுக்குத் தெரியாமல் கட்டுபவர்களும் உண்டு. அந்த ரகசியம் என்னோடு இருக்கும்.

புதிதாகச் சேருபவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. "பாஸ்புக்கை நீயே வச்சுக்க, எங்க வீட்டுல எலி கடிச்சிரும்" என்பார்கள். வாங்கி வைக்காதீர்கள். வட்டி பதிய அனுப்புவதற்கு வாங்கினாலும் ரசீது கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கட்டிய பணத்தை அவர்கள் கண் முன்னாலேயே கருவியில் பதிந்து ரசீதையும் கையில் கொடுங்கள். பாஸ்புக்கில் மட்டும் எழுதிவிட்டுக் கணக்கில் ஏற்றாமல் விட்டவர்களால் பல ஊர்களில் ஏழைகளின் பணம் போயிருக்கிறது. அந்தப் பழியை அப்புறம் வரும் பி.பி.எம். வருஷக்கணக்கில் சுமக்க வேண்டியிருக்கும்.

கஷ்டங்களில் முதலாவது சிக்னல். பணம் வாங்கிய பிறகு கருவி சுற்றிக்கொண்டே நிற்கும்போது, எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். இரண்டாவது டார்கெட். இன்சூரன்ஸ் இத்தனை, புதுக் கணக்கு இத்தனை என்று மேலிருந்து வந்துகொண்டே இருக்கும். கிராமிய அஞ்சல் காப்பீடு நல்ல திட்டம், 1995 முதல் இருக்கிறது, பிரீமியமும் குறைவு. ஆனால் மிளகாய் விலை விழுந்த மாதத்தில் யாரிடம் போய்க் கேட்பது? எண்ணிக்கைக்காகச் சொந்தக் காசைப் போட்டுக் கணக்கு தொடங்குகிற பி.பி.எம்.கள் இருக்கிறார்கள். அது நிற்க வேண்டும். சேமிப்பைச் சொல்லிப் புரியவைத்துச் சேர்க்க அவகாசம் கொடுத்தால் நாங்களே கொண்டுவருவோம்.

எனக்கு நிஜமான கோபம் ஓய்வுக்குப் பிறகு நடப்பதில்தான். அஞ்சல் இலாகாவின் நிரந்தர ஊழியருக்கு உள்ள ஓய்வூதியம் எங்களுக்குக் கிடையாது. ஊதியக் குழுவும் எங்களைச் சேர்க்காது, தனிக் கமிட்டி போடுவார்கள். கமலேஷ் சந்திரா கமிட்டி 2016 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. 2018 மே மாதக் கடைசியில் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்து, ஜூனில் அமைச்சரவை ஒப்புதல் தந்த பிறகுதான் புதுச் சம்பளம் வந்தது. 2024 மார்ச்சில் 12, 24, 36 வருஷ சேவைக்கு மூன்று உயர்வுகள் அறிவித்தார்கள்: வருஷத்துக்கு 4,320, 5,520, 7,200 ரூபாய். முதல் உயர்வு மாதத்துக்கு 360 ரூபாய் ஆகிறது. பன்னிரண்டு வருஷம் ஒரு ஊரின் பணத்தைப் பொறுப்பாகப் பார்த்தவருக்கு இது போதாது. இந்த ஊழியர்கள் வகிப்பது அரசுப் பதவிதான் என்று ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977இலேயே சொல்லிவிட்டது. இன்னும் சலுகைகளுக்குக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். குன்னூரில் யானை நடமாடும் காட்டு வழியில் நடந்தே தபால் கொடுத்து 2020இல் ஓய்வு பெற்ற சிவன் அவர்களை நாடே பாராட்டியது. மனம் நிறைந்தது. கடைசி நிலையில் நிற்கிற தபால் ஊழியர்களின் சம்பளத்தையும் முதுமையையும் பற்றி அதே அக்கறையோடு யாராவது தொடர்ந்து பேச வேண்டும்.

மேலே போக வழி இருக்கிறது. சில வருஷ சேவைக்குப் பிறகு துறைத் தேர்வு எழுதி எம்.டி.எஸ். (பல்பணி ஊழியர்), தபால்காரர் என்று இலாகாவுக்குள் போகலாம். இளவயதில் சேருபவர்கள் முதல் வருஷத்திலிருந்தே அதற்குப் படியுங்கள்.

விண்ணப்பத்தில் இடங்களை வரிசைப்படுத்தும் முன் அந்த ஊருக்கு ஒருமுறை நேரில் போய்வாருங்கள். எந்த மூலையில் டவர் கிடைக்கிறது, வாடகைக்கு ரோட்டோரமாக அறை இருக்கிறதா, பை எந்த பஸ்ஸில் வருகிறது, டெலிவரிக்கு ஆள் உண்டா என்று இப்போது வேலை பார்க்கிறவரையே கேளுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் போனால் அவருக்குப் பேச நேரம் இருக்கும்.